அறிஞர் யோசெப்பு ஸ்டெபான்

நிலவுலகின் வடகோடியில் ஆர்க்டிக்குப் பெருங்கடல் என்னும் கடலொன்று உண்டு. ஆண்டின் பெரும்பகுதியில் அதன் மேற்பரப்பு உறைந்து வெண்ணிறப் பாலைபோலக் கிடக்கும். குளிர்காலத்திலே அங்குப் பகலவன் பல வாரங்கள் தலைகாட்டுவதில்லை. காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு முப்பது பாகை, நாற்பது பாகை கீழே இறங்கிவிடும். அவ்விடத்துக்குச் செல்வோர் முதன்முதலில் அறியவேண்டுவது ஒன்றே: தம் காலடியில் உள்ள பனிக்கட்டியின் தடிப்பு எவ்வளவு? ஓர் அங்குலத் தடிப்புள்ள பனிக்கட்டி காலை வைத்தவுடன் பிளந்து ஆளை விழுங்கும். ஓர் அடித் தடிப்புள்ளது மக்களையும் சறுக்கு வண்டிகளையும் தாங்கும். ஆறடித் தடிப்புள்ளதோ மரக்கலங்களை இறுகப் பற்றிக்கொண்டு விடாது. 1845-ஆம் ஆண்டில் சர் ஜான் பிராங்கிளின் என்பார் இரண்டு கப்பல்களோடு வடமேற்குக் கடல்வழியைத் தேடிச் சென்றார். அக்கப்பல்கள் பனிக்கட்டியில் அகப்பட்டன. அவற்றிற் சென்ற 129 பேரில் ஒருவரும் மீளவில்லை.

இக்கடலின் பனிக்கட்டி எத்துணை நாளில் எத்துணைத் தடிப்பாக வளரும் என்பதைக் கணக்கிட்டுக் கூறியவர் கடலோடி அல்லர். அக்கடலைக் கண்ணாற் கண்டவரும் அல்லர். வியன்னா நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்திலேயே தம் வாழ்நாளைக் கழித்த ஆசிரியர் அவர். ஸ்டெபான் விதி என்று மேல்வகுப்புப் பௌதிக நூல்களில் வழங்குவது அவர் பெயரால் அமைந்ததே.

யோசெப்பு ஸ்டெபான் 1835-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள் ஆஸ்திரியப் பேரரசைச் சார்ந்த கிளாகன்பர்ட்டு நகரத்தின் அருகே, தூய பேதுரு என்னும் பெயருடைய சிற்றூரில் பிறந்தார். அவர்தம் பெற்றோர் ஸ்லோவீனியர் என்னும் இனத்தவர். தந்தையார் மாவு ஆலையிலே கூலிக்கு உழைத்தவர். தாயார் பிறர் இல்லத்தில் பணி செய்தவர். எழுத்தறிவு வாய்க்காத எளிய குடும்பம் அது. அத்தகைய வீட்டில் பிறந்த சிறுவன் தொடக்கப் பள்ளியோடு நின்று, தந்தையின் ஆலைக்கே மாவு மூட்டை சுமக்கச் செல்வதுதான் அக்காலத்து வழக்கம். சிறுவனின் கூர்த்த மதியைக் கண்ட ஆசிரியர்கள், இவனை மேற்படிப்புக்கு அனுப்புதல் வேண்டும் என்று பெற்றோருக்கு எடுத்துரைத்தனர். பெற்றோரும் தம் வறுமையைப் பொருட்படுத்தாது இசைந்தனர். 1845-ஆம் ஆண்டில் ஸ்டெபான் கிளாகன்பர்ட்டு உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். அவ்வாசிரியர்களின் பெயர்களை இன்று எவரும் எடுத்து மொழிவதில்லை. ஆயினும் அவர்கள் அன்று வாய் திறவாதிருந்தால், நாம் இப்பாடத்தை எழுதவும் படிக்கவும் இடமே இராது.

இல்லத்தில் அவர் பேசிய மொழி ஸ்லோவீனியம். அரசும் அலுவலும் நடந்த மொழி ஜெர்மானியம். பேரரசின் நிழலில் ஸ்லோவீனிய மொழி ஒதுங்கி நின்ற காலம் அது. 1848-ஆம் ஆண்டில் ஐரோப்பா எங்கணும் உரிமைக் கிளர்ச்சி எழுந்தபோது ஸ்டெபானுக்கு வயது பதின்மூன்று. தம் இனத்தின்மீதும் தாய்மொழியின்மீதும் பற்று அவருள்ளத்தில் அப்போது வேரூன்றியது. அவர் ஸ்லோவீனிய மொழியில் கவிதைகள் புனைந்தார். அவை அம்மொழி இதழ்களில் வெளிவந்தன. அறிவியற் செய்திகளைப் பொதுமக்களுக்கு விளங்குமாறு தாய்மொழியிலேயே கட்டுரைகளும் வரைந்தார். தாய்மொழியில் அறிவியலை எழுத இயலுமா என்று ஐயுறுவோர் எந்நாட்டிலும் உளர். மாணவப் பருவத்திலேயே ஓர் இளைஞர் அதனைச் செய்து காட்டினார் என்பது தமிழாசிரியனாகிய எனக்குப் பேருவகை தருகின்றது. பின்னாளில் அவர் கவிதையை விடுத்துப் பௌதிகத்திலேயே மூழ்கினார். ஸ்லோவீனிய இலக்கியத்துக்கு அஃது இழப்போ அன்றோ, நான் அறியேன். உலகுக்கு அஃது ஊதியமே.

பள்ளிப் படிப்பு முடிந்தபோது துறவு மடம் ஒன்றிற் சேரலாமோ என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. பின்னர் அதனைக் கைவிட்டு, 1853-இல் வியன்னாப் பல்கலைக் கழகத்தை அடைந்து கணிதமும் பௌதிகமும் பயின்றார். 1858-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே ஆராய்ச்சி செய்து, கட்டுரைகளை அறிவியற் கழகத்துக்கு அளித்துவந்தார். 1863-இல், தம் இருபத்தெட்டாம் வயதில், அப்பல்கலைக் கழகத்திலேயே பேராசிரியரானார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் பௌதிக ஆய்வுக்கூடத்தின் தலைமையும் அவரை வந்தடைந்தது. மாவு ஆலைக் கூலியாளின் மகன் பேரரசின் தலைநகரில் அவ்விருக்கையில் அமர்ந்தமை சிறு செய்தி அன்று.

ஸ்டெபானின் ஆய்வுக்கூடம் பெரிய மாளிகை அன்று; எர்டுபர்க்குத் தெருவில் இருந்த எளிய கட்டடம். கருவிகளும் மிகுதியாக இல்லை. ஆயினும் ஆசிரியரும் மாணாக்கரும் உடன்பிறந்தார்போல் கலந்து உழைத்த இடம் அது. லுட்விக்கு போல்ட்ஸ்மன் என்னும் பேரறிஞர் அங்கு மாணவராய் வந்தவரே. ஆங்கில அறிஞர் மாக்சுவெல் மின்னியல் பற்றி எழுதிய கட்டுரைகளை ஸ்டெபான் அவர் கையிற் கொடுத்தார். போல்ட்ஸ்மனுக்கோ ஆங்கிலம் தெரியாது. ஆசிரியர் சிறிதும் தயங்காமல் ஆங்கில இலக்கண நூல் ஒன்றையும் உடன் கொடுத்தாராம். நல்லாசிரியர் மாணவனுக்குப் பாதையை மட்டும் காட்டுபவர் அல்லர். நடப்பதற்குக் கோலும் தருபவர். இந்நிகழ்ச்சியைப் போல்ட்ஸ்மனே பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

வெப்பம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எவ்வாறு செல்கிறது என்பதே ஸ்டெபானின் உள்ளத்தை ஆட்கொண்ட வினா. காற்று முதலிய வாயுக்கள் வெப்பத்தை எவ்வளவு கடத்தும் என்பதை அளத்தல் மிக அரிது. ஏனெனில் சூடேறிய காற்று அசைந்து கலைந்து அளவைக் கெடுத்துவிடும். அவர் ஒன்றினுள் ஒன்றாய் இரு சுவர்கள் அமைந்த உலோகக் கலமொன்றைச் செய்வித்து, அச்சுவர்களுக்கு இடையேயுள்ள ஒடுங்கிய வெளியில் காற்றை அடைத்து, 1872-இல் அவ்வளவைக் கண்டார்.

அடுத்து அவர் ஆராய்ந்தது கதிர்வீச்சு. கொல்லன் உலையிற் பழுத்த இரும்பின் அருகே நின்றால், தொடாமலே நம் முகம் சுடுகின்றது அன்றோ? அவ்வாறு வெளியிற் பாயும் வெப்பம், பொருளின் சூட்டுக்கேற்ப எந்த அளவில் மிகும்? நியூட்டனும், அவருக்குப்பின் பிரெஞ்சு அறிஞர் இருவரும் கூறிய விதிகள் உயர்ந்த வெப்பநிலைகளுக்குப் பொருந்தவில்லை. டிண்டால் என்னும் அறிஞர் பிளாட்டினக் கம்பியைச் சூடாக்கி அளந்த அளவு ஒன்று இருந்தது. 525 பாகையில் வீசும் வெப்பத்தைப்போல் 1200 பாகையில் 11.7 மடங்கு வெப்பம் வீசுகிறது என்பது அவ்வளவு. ஸ்டெபான் இவ்வெண்களை எடுத்துக்கொண்டார். வெப்பநிலையை உறைநிலையிலிருந்து எண்ணாமல், எல்லா வெப்பமும் அற்றுப்போகும் தனிச்சுழியிலிருந்து, அஃதாவது 273 பாகை கீழேயிருந்து எண்ணினார். அப்போது 525 என்பது 798 ஆகிறது. 1200 என்பது 1473 ஆகிறது. பின்னதை முன்னதால் வகுத்தால் ஏறக்குறைய 1.85. அவ்வெண்ணை நான்குமுறை தன்னால் தானே பெருக்கிப் பாருங்கள், 11.6-க்கு மேல் சிறிது வரும். வெப்பக் கதிர்வீச்சு தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மிகுகிறது என்னும் விதி 1879-இல் இவ்வாறு பிறந்தது.

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. டிண்டாலின் அளவு முற்றும் செம்மையானதன்று. பிளாட்டினமும் முழுமையாகக் கதிர்வீசும் பொருள் அன்று. ஆகவே எண்கள் இத்துணை அழகாகப் பொருந்தியதில் நற்பேற்றுக்கும் பங்குண்டு. ஆனால் ஸ்டெபான் அவ்வோர் அளவை மட்டும் நம்பியவர் அல்லர். பிறர் செய்த பழைய சோதனைகளையும் திரும்பக் கணக்கிட்டுத் தம் விதியோடு ஒப்பிட்டார். அவர் மாணவர் போல்ட்ஸ்மன் 1884-இல் அதே விதியைச் சோதனையின் துணையின்றிக் கணித நெறியால் நிறுவினார். ஆசிரியர் குறிப்பாற் கண்டதை மாணவர் அடிப்படையிட்டு உறுதி செய்தமையால், அது இருவர் பெயராலும் வழங்குகின்றது. முழுக் கதிர்வீச்சுக்கு அது பொருந்துவதை 1897-இல் பெர்லின் நகர அறிஞர்கள் துல்லியமாக அளந்து காட்டினர்.

இவ்விதியின் முதற்பயன் கதிரவனைப் பற்றியது. கதிரவனின் வெப்பநிலை இரண்டாயிரம் பாகைக்கும் குறைவு என்பார் ஒருவர். ஒரு கோடி பாகை என்பார் மற்றொருவர். ஸ்டெபான் தம் விதியைக் கொண்டு ஏறக்குறைய 5,430 பாகை என மதிப்பிட்டார். இக்காலத்தார் கூறும் அளவு 5,500 பாகை. சிறிய ஆய்வுக்கூடத்தில் இருந்துகொண்டு, பதினைந்து கோடிக் கிலோமீட்டருக்கு அப்பால் எரியும் கோளத்தை இவ்வளவு அணுக்கமாக அளந்தது வியப்பேயாகும்.

இனிப் பனிக்கட்டிக்கு வருவோம். 1872-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டிலிருந்தே ஒரு குழு வடதுருவத்தை நோக்கிப் புறப்பட்டது. வைப்பிரெக்டு, பாயர் என்போர் அதன் தலைவர்கள். அவர்தம் கப்பலும் பனிக்கட்டியில் சிக்கிற்று. இரண்டு குளிர்காலங்களை அதனுள்ளேயே கழித்து, 1874-இல் கப்பலைக் கைவிட்டு, படகுகளைப் பனிக்கட்டியின்மேல் இழுத்துச் சென்று, அரும்பாடுபட்டு மீண்டனர். அவர்களை வரவேற்க வியன்னா நகரமே திரண்டது. துருவக் கடலைப் பற்றிய பேச்சு அந்நகரத்து அறிஞரிடையே பரவியிருந்த காலம் அது.

வடமேற்கு வழியைத் தேடிச் சென்ற ஆங்கிலக் கப்பல்களும், ஜெர்மானியக் குழுவினரும் குளிர்காலம் முழுவதும் பனிக்கட்டியின் தடிப்பையும் காற்றின் வெப்பநிலையையும் அளந்து குறித்து வைத்திருந்தனர். பசியும் நோயும் வாட்ட, இருளிலே பனிக்கட்டியைத் துளையிட்டு எடுத்த எண்கள் அவை. பலர் அவற்றை வெறும் குறிப்பாகவே கருதினர். ஸ்டெபான் அவ்வெண்களுள் ஓர் ஒழுங்கைக் கண்டார். 1889-இல் அதனை வியன்னா அறிவியற் கழகத்தின்முன் வைத்தார்.

அவர் கண்ட நெறி இதுவாகும். கடல்நீர் ஏறக்குறைய சுழிக்கு 1.8 பாகை கீழே உறையும். பனிக்கட்டியின் அடிப்பக்கம் நீரைத் தொட்டுக்கொண்டிருப்பதால் எப்போதும் அவ்வெப்பநிலையிலேயே இருக்கும். மேற்பக்கமோ கடுங்குளிரில் இருக்கும். அடியில் நீர் உறையும்போது தன்னுள் மறைந்திருந்த வெப்பத்தை வெளியிடும். அவ்வெப்பம் பனிக்கட்டியினூடே ஏறி மேலே வெளியேறினால்தான் அடுத்த படலம் உறைய முடியும். பனிக்கட்டி தடிக்கத் தடிக்க வெப்பம் கடக்கவேண்டிய வழி நீள்கிறது. ஆகவே வளர்ச்சி தளர்கிறது. பனிக்கட்டி தன் கீழுள்ள நீருக்குத் தானே கம்பளியாகின்றது என்று சொல்லலாம். இதிலிருந்து, தடிப்பின் இருமடிப் பெருக்கம் குளிரின் அளவையும் நாட்களின் தொகையையும் பெருக்கி வரும் எண்ணுக்கு ஒத்து அமையும் என்று முடிவாகிறது. ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். மேற்பரப்பு உறைநிலைக்கு 25 பாகை கீழே நின்றால், கணக்கின்படி 4 நாளில் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் பனிக்கட்டி வளரும். அதைப்போல் இருமடங்கு, அஃதாவது 70 சென்டிமீட்டர் வேண்டுமானால் 8 நாள் போதாது. 16 நாள் வேண்டும். 1.4 மீட்டர் வேண்டுமானால் 64 நாள் ஆகும். துருவக் கடலில் முதல் வாரத்துப் பனிக்கட்டி விரைந்து வளர்வதும், பின்னர் மெல்ல நகர்வதும் இதனாலேயே.

உறைவதும் உருகுவதுமாகிய எல்லை தானே நகர்ந்துகொண்டிருக்கும் இத்தகைய கணக்குகளைக் கணித நூலோர் இன்றும் ஸ்டெபான் கணக்கு என்றே அழைக்கின்றனர். 1831-லேயே லாமே, கிளாப்பிரான் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் இவ்வகைக் கணக்கைத் தொட்டிருந்தனர். ஆனால் அதனை மெய்யான கடலோடும் மெய்யான அளவுகளோடும் பொருத்தி முடித்தவர் நம் அறிஞரே.

ஸ்டெபான் தனிமை விரும்பி. தம் ஆய்வுக்கூடக் கட்டடத்திலேயே வாழ்ந்தார். அறிஞர் அவைகளுக்காக அயல்நாடு செல்வதையும் விரும்பினார் அல்லர். பல்கலைக் கழகத் தலைவர், அறிவியற் கழகத் துணைத் தலைவர் முதலிய உயர் பதவிகள் அவரைத் தேடி வந்தன. ஐம்பத்தாறு வயதுவரை மணம் செய்துகொள்ளவில்லை. 1891-இல் கைம்பெண் ஒருவரை மணந்தார். அவ்வில்லறம் நீடிக்கவில்லை. 1892-ஆம் ஆண்டு இறுதியில் மூளையில் குருதிக் குழாய் நோய் தாக்க, 1893-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 7-ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் இருந்த இருக்கைக்கு மறு ஆண்டில் போல்ட்ஸ்மன் வந்தார். ஸ்லோவீனிய நாட்டுத் தலைநகராகிய லியுப்லியானாவில் உள்ள பெரிய ஆராய்ச்சி நிலையம் ஸ்டெபான் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

கதிர்வீச்சு விதியும் பனிக்கட்டி விதியும் அவர் வாழ்நாளில் வெவ்வேறு ஏட்டில் எழுதப்பட்டவை. அவை ஒன்றுகூடும் நாள் வரும் என்று அவர் எண்ணியிருத்தல் அரிது. வானில் செயற்கைத் துணைக்கோள்கள் பறக்கத் தொடங்கியபின் அந்நாள் வந்தது. 1970-களின் இறுதி முதல் வானிலைத் துணைக்கோள்கள் புவியின்மீது வெப்பப் படம் எடுத்து வருகின்றன. ஒளியாற் பிடிக்கும் படத்துக்குப் பகல் வேண்டும். வெப்பக் கதிராற் பிடிக்கும் படத்துக்கு இருளும் தடையன்று. துருவத்து நெடிய இரவிலும் அக்கருவி கடலின் மேற்பரப்பு வீசும் வெப்பத்தை அளந்துகொண்டே செல்லும். 1999-இலும் 2002-இலும் ஏவப்பட்ட டெர்ரா, அக்குவா என்னும் துணைக்கோள்களின் கருவி ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரம் சதுரமாக இவ்வெப்பத்தைப் பிரித்துக் காட்ட வல்லது.

நான்காம் அடுக்கு விதி இங்கே எவ்வாறு உதவுகிறது என்பதைக் காணுங்கள். உறையும் நிலையில் உள்ள கடல்நீர் ஒரு சதுர மீட்டரிலிருந்து 300 வாட்டுக்குச் சிறிது மிகுதியாக வெப்பம் வீசும். 20 பாகை கீழே குளிர்ந்த பனிக்கட்டி ஏறக்குறைய 230 வாட்டே வீசும். ஆகவே வீசும் வெப்பத்தைக் கொண்டு மேற்பரப்பின் வெப்பநிலையை அறியலாம். அடிப்பக்கத்தின் வெப்பநிலையோ முன்னரே தெரிந்தது. இனி, காற்றின் குளிரும் வேகமும் வானிலைக் குறிப்புகளால் தெரியுமானால், மேற்பரப்பு விண்ணுக்கும் காற்றுக்கும் இழக்கும் வெப்பத்தைக் கணக்கிடலாம். இழக்கும் வெப்பமெல்லாம் கீழிருந்து பனிக்கட்டியினூடே வந்ததே. ஆதலின் தடிப்பு ஒன்றே எஞ்சி நிற்கும் விடை. ஒரு மீட்டர்ப் பனிக்கட்டி, இரு பக்கங்களுக்கும் ஒரு பாகை வேறுபாடு இருந்தால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2 வாட்டுக் கடத்தும். இழப்பு 150 வாட்டு, வேறுபாடு 15 பாகை என்று கொண்டால், தடிப்பு 20 சென்டிமீட்டர் என விடை வருகின்றது. இரண்டு விதிகளும் ஒரே கணக்கில் அமர்கின்றன! 1996-இல் யூ, ராத்ராக்கு என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் இம்முறையால் துணைக்கோள் படங்களிலிருந்து மெல்லிய பனிக்கட்டியின் தடிப்பைக் கணித்து வெளியிட்டனர்.

மெல்லியது என்று கூறியதற்குக் காரணம் உண்டு. அரை மீட்டருக்கு மேற்பட்ட தடிப்பில் மேற்பரப்பின் வெப்பநிலை காற்றோடு மிக நெருங்கிவிடும். ஒரு மீட்டருக்கும் ஒன்றரை மீட்டருக்கும் உள்ள வேறுபாட்டைப் படத்தால் பிரித்தறிய இயலாது. ஆயினும் மெல்லிய பனிக்கட்டியே அறிவியலார் மிகுதியும் தேடுவது. அதன் வழியாகத்தான் கடல் தன் வெப்பத்தைக் குளிர்காலக் காற்றுக்குப் பெரும்பாலும் இழக்கின்றது. முகில் இடையே வந்தால் கருவி கடலைக் காணாது, முகிலையே காணும். பகலில் கதிரவன் ஒளி கணக்கைக் குழப்புவதால், இரவுப் படங்களையே தேர்ந்துகொள்வர். மேலே வெண்பனி பெய்து படிந்திருப்பின் குழப்பம் இன்னும் மிகும். வெண்பனி பனிக்கட்டியைப்போல் ஏழில் ஒரு பங்கு வெப்பமே கடத்துவதால், பத்துச் சென்டிமீட்டர் வெண்பனி எழுபது சென்டிமீட்டர்ப் பனிக்கட்டிபோல் வெப்பத்தைத் தடுத்து நிற்கும். மெல்லியதைத் தடித்ததாகக் காட்டி ஏய்த்துவிடும். அதனாலேயே, துணைக்கோள்கள் தலைக்குமேல் சுழலும் இக்காலத்திலும், ஆராய்ச்சியாளர் கப்பலிற் சென்று இறங்கி, பண்டைக் கடலோடிகளைப்போலவே பனிக்கட்டியில் துளையிட்டு, அளவுகோலை உள்ளே விட்டுத் தடிப்பைக் குறித்து வருகின்றனர்.